ஐந்நூறாவது ஆள்

ஒரு காட்டில், மலையடிவாரத்து முள் நிறைந்த உடைமரங்களுக்கு நடுவே, உடைமரக்குறிச்சி என்றோர் ஊர் இருந்தது. மிளா, முயல், கீரி, காட்டுக்கோழி, முள்ளம்பன்றி என்று பல இனத்தாரும் அங்கே கலந்து குடியிருந்தார்கள். ஊரின் அடிப்படை வசதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிக நேரம் ஆகாது.

பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. ஆசிரியர் மரங்கொத்தி, பாடம் நடத்துகிற மும்முரத்தில் கரும்பலகையைக் கொத்தி ஓட்டை போட்டுவிட்டார். புதுப் பலகை வரும்வரை விடுமுறை. தெருவிளக்கு உண்டு. மின்மினிகள் ஒப்பந்த அடிப்படையில் எரிந்தன. ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடமாகிறது. சாலை உண்டு. எப்போதோ ஒரு யானைக் கூட்டம் வழி தவறி ஊருக்குள் வந்துபோனதில் அது உண்டானது. மருத்துவமனை கிடையாது. தண்ணீர் கிடையாது.

தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்து ஓடைக்குப் போக வேண்டும். கழுத்தில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு காலையில் சனம் வரிசையாகப் புறப்படும். வழியில் ஒரு வழுக்குப்பாறை. பாறைமேல் சங்கிலிபூதத்தான் என்கிற சிறுத்தை குடியிருந்தார். போகும்போது பத்துப் பேராகப் போகிறவர்கள் சில நாள் ஒன்பது பேராகத் திரும்புவார்கள்.

காட்டுக் குடிநீர் வாரியத்தின் விதி எளிமையானது. ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள ஊருக்குக் குழாய் போடுவார்கள். உடைமரக்குறிச்சியில் எப்போது எண்ணினாலும் நானூற்றுத் தொண்ணூறு சொச்சம்தான். பிள்ளைகள் பிறக்காமல் இல்லை. பிறக்கும், வளரும், தண்ணீர் எடுக்கப் போகும். தண்ணீர் இல்லாததால் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் தண்ணீர் வரவில்லை.

இதையெல்லாம் விளக்கி ஊராட்சித் தலைவி மாடத்தி மூன்று மனு அனுப்பியிருந்தாள். அவள் ஒரு மிளா, காட்டு மான்களிலேயே பெரிய இனம். நெட்டையாக, நிதானமாக, யாரிடமும் குரல் உயர்த்தாமல் பேசுவாள். மூன்று மனுவுக்கும் ஒரே பதில் வந்தது: "தங்கள் ஊரில் மக்கள்தொகை குறைவதற்குக் குடிநீர் வசதி இல்லாததே காரணம் எனத் தெரியவருகிறது. மக்கள்தொகை உயர்ந்த பின் விண்ணப்பிக்கவும்."

மூன்றாவது பதில் வந்த வாரத்தில்தான் மாடத்தியின் தங்கை சொர்ணம் ஓடைக்குப் போனவள் திரும்பவில்லை. குடுக்கை மட்டும் பாறையடியில் கிடந்தது. மறுநாள் மாடத்தி அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் ஒரு பேரை அடித்தாள்.

அந்தச் சமயத்தில் கணக்கெடுப்பு அறிவிப்பு வந்தது. ஊராட்சி எழுத்தர் சுடலை ஒரு வாரம் முன்னாலேயே வீடு வீடாகப் போய் எண்ணினான். அவன் முள்ளம்பன்றி. பேனாவுக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒன்றை உருவிக்கொள்வான். எண்ணி முடித்து ஓடி வந்தான்.

"தலைவரம்மா, ஐந்நூத்தி மூணு இருக்கோம்."

மாடத்தி அன்றே தண்டோரா போடச் சொன்னாள். கணக்கு முடியும்வரை ஒருத்தரும் ஓடைப் பக்கம் போகக் கூடாது. சனம் மூன்று நாள் இலையில் படிந்த பனியை நக்கிச் சமாளித்தது. நாலாம் நாளிலிருந்து தாகம் தாங்காமல் ஒருவர் இருவராக நழுவினார்கள். கீரி வீட்டில் ஒருவரும் காட்டுக்கோழி வீட்டில் மூவரும் திரும்பவில்லை. சங்கிலிபூதத்தாருக்குக் கணக்கெடுப்புத் தேதியை யாரும் சொல்லியிருக்கவில்லை.

குறித்த நாள் காலை எட்டு மணிக்குக் கணக்கெடுப்பு அலுவலர் வெள்ளத்துரை வந்திறங்கினார். கொக்கு இனம், வெளுத்த சட்டை, கழுத்தில் தொங்கும் டேப் கணினி. வந்ததும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு சர்வர் மூடிடும். அப்புறம் பத்து வருசம் கழிச்சுத்தான் திறக்கும்."

ஊர் வரிசையில் நின்றது. எண்ணப்பட்டவர் மூக்கில் ஒரு பொட்டு மை. மதியம் இரண்டரைக்கு வரிசை தீர்ந்தது. வெள்ளத்துரை கூட்டிப் பார்த்தார்.

"நானூத்தித் தொண்ணூத்தொம்பது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிளி ஒன்று ஆளில்லாத மரப்பொந்துக்குள் புகுந்து, நான்கு குரலில், "உள்ள நாலு பேரு இருக்கோம்" என்றது. வெள்ளத்துரை கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தார். கிளி மூக்கில் மை இருந்தது. கறையான்கள் புற்றிலிருந்து திரண்டு வந்து, தாங்கள் இரண்டு லட்சம் பேர் இருப்பதாகவும் இதுவரை தங்களை ஒருத்தரும் எண்ணியதில்லை என்றும் சொல்லின. படிவத்தில் கால் கிராமுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை என்று தெரிந்ததும் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டன.

அப்போது பூமயில் என்கிற நிறைமாத முயல் முன்னால் வந்தாள்.

"சார், எனக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. ஒண்ணே ஒண்ணை முன்கூட்டி எழுதிக்கிடக் கூடாதா?"

"பிறந்தாத்தான் பேரு" என்றார் வெள்ளத்துரை.

பூமயில் குதித்துப் பார்த்தாள். மைதானத்தை ஏழு சுற்று ஓடிப் பார்த்தாள். அவள் புருசன் குனிந்து வயிற்றருகே வாயை வைத்து, "வெளிய வாங்கலே, ஊருக்குக் குழாய் வரப் போவுது" என்று கெஞ்சினான். உள்ளே இருந்தவர்களுக்கு ஊர் நலனில் அக்கறை இல்லை.

மணி மூன்றேகால். சுடலை மட்டும் ஓரமாக உட்கார்ந்து படிவத்தின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான். படித்ததை மறுபடி படித்தான். பிறகு மாடத்தியிடம் வந்தான்.

"தலைவரம்மா, குடியிருப்பவர்னா யாருன்னு இதுல போட்டிருக்கு. 'கடந்த ஆறு மாத காலமாக ஊர் எல்லைக்குள் தங்கி, ஊரிலிருந்தே உணவு பெற்று வருபவர்.'"

"அதுக்கென்ன?"

"பாறை நம்ம எல்லைக்குள்ளதான் இருக்கு."

மாடத்திக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவள் காதுகள் இரண்டும் பின்னால் படிந்தன. கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் ஒவ்வொருவராகப் புரிந்தது. ஊரிலிருந்தே உணவு பெற்று வருபவர் என்பதை அவ்வளவு கச்சிதமாகப் பூர்த்தி செய்கிறவர் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

"நான் போயிட்டு வாரேன்" என்றாள் மாடத்தி.

பாறையடியில் நின்று, சொர்ணத்தின் குடுக்கை கிடந்த இடத்தைப் பார்க்காமல், மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி."

சங்கிலிபூதத்தார் எட்டிப்பார்த்தார். வலது கன்னம் வீங்கியிருந்தது. அவரை யாரும் இதுவரை எந்த முறையும் சொல்லி அழைத்ததில்லை. தானாக நடந்து வந்து நின்றதும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி?"

மாடத்தி விஷயத்தைச் சொன்னாள். கணக்கு, ஐந்நூறு, குழாய், ஐந்து மணி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"குழாய் ஊருக்குள்ள வந்துட்டா நீங்க யாரும் இந்தப் பக்கம் வரமாட்டிய. நான் சாப்பாட்டுக்கு எங்கன போவேன்?"

நியாயமான கேள்வி.

"அதை அப்புறமா பேசிக்கிடலாம் அண்ணாச்சி. இப்ப பேரு மட்டும் கொடுங்க."

"என் பேரு பதிவுல வருமா?"

"வரும்."

"முழுப் பேருமா?"

"முழுப் பேரும் வரும்."

இரண்டு வயதில் தாயார் துரத்திவிட்ட நாளிலிருந்து சங்கிலிபூதத்தாருக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது. கடிதம் வந்ததில்லை, கல்யாணப் பத்திரிகை வந்ததில்லை. அவர் சுருட்டிய வாலை நீட்டினார்.

"அலுவலரை வரச் சொல்லு. கணக்கு முடியுற மட்டும் ஒருத்தரையும் தொட மாட்டேன்."

வெள்ளத்துரை வர மறுத்தார். இருபது வருட சர்வீசில் தன்னை யாரும் ஒரு நாளும் இப்படி நடத்தியதில்லை என்றார். ஊர் முழுக்கச் சேர்ந்து அவரைத் தள்ளிக்கொண்டே போய்ப் பாறையடியில் நிறுத்தியபோது மணி நாலே கால். அவர் கண்ணை டேப்பிலிருந்து எடுக்காமல் கேள்வி கேட்டார்.

"தொழில்?"

"தனியா ஒண்ணும் கெடையாது. வர்றதைப் பாத்துக்கிடுவேன்."

"சுயதொழில்" என்று தட்டினார் வெள்ளத்துரை. "உணவு எங்கிருந்து கிடைக்குது?"

"எல்லாம் உள்ளூர்தான்."

கூட்டத்தில் யாரோ விக்கினார்கள்.

"நோய் ஏதும் உண்டா?"

"கடவாப்பல்லு. மூணு மாசமா உயிரை எடுக்கு."

"வீட்டில் இருப்பவர்கள்?"

"நான் ஒருத்தன்தான்" என்றார் சங்கிலிபூதத்தார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனதை எல்லோரும் கவனித்தார்கள்.

படிவம் நிறைந்தது. மூக்கில் மை வைக்க யாரும் முன்வராததால் அவரே வைத்துக்கொண்டார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் டேப்பில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லை. வெள்ளத்துரை பாறையின் உச்சிக்கு ஏறினார். ஒரு கோடு வந்தது. ஒற்றைக் காலில் நின்று கழுத்தை நீட்டினார். இரண்டு கோடு. மூன்று வேண்டும், பறந்துகொண்டே டேப்பை இயக்கத் துறை விதியில் இடமில்லை. மணி நாலு ஐம்பது.

"இன்னும் ஒரு அடி உயரம் கிடைச்சாப் போதும்" என்றார்.

"என் தலையில ஏறிக்கிடுங்க சார்" என்றார் சங்கிலிபூதத்தார்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அன்று அந்த ஊரில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். பாறை உச்சியில் சிறுத்தை எழுந்து நின்றார். அவர் தலையில் அலுவலர் ஒற்றைக் காலில் நின்றார். அலுவலரின் நீட்டிய அலகில் டேப் ஆடியது. கீழே நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் அண்ணாந்து நின்றார்கள். பூமயில் மட்டும் புதர் மறைவில் முனகிக்கொண்டிருந்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு வட்டம் சுற்றுவதை நிறுத்தி, பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது. ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குப் பூமயிலுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தன. அவள் புருசன் அவற்றை வரிசையாகப் பார்த்து, "இதை முந்தியே செஞ்சிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னான்.

எட்டு மாதத்தில் குழாய் வந்தது. ஆலமரத்தடியில் ஒரு தொட்டி, நான்கு திருகு, பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. திறப்பு விழாவன்று சங்கிலிபூதத்தாரும் வந்தார். வரிசை தானாக இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. "பரவாயில்ல, வரிசையிலயே வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற காட்டுக்கோழி அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போனது, அதற்கு முன்னால் நின்ற கீரியும் போனது, இப்படியாக ஒரு நிமிடத்தில் அவர் முறை வந்துவிட்டது.

குடித்தார். பாசி வாடை இல்லாத தண்ணீரை அவர் அதுவரை குடித்ததில்லை. பல் வலிக்குக் கூட இதமாக இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு பலகையைப் படித்தார்.

"மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு நடைபெறும். மக்கள்தொகை ஐந்நூறுக்குக் கீழ் இறங்கினால் இணைப்பு துண்டிக்கப்படும். ஆயிரத்தை எட்டினால் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்கப்படும்."

"சுகாதார நிலையத்துல பல்லு பாப்பாவளா?" என்று சுடலையிடம் கேட்டார்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் பல் டாக்டர் வருவாரு அண்ணாச்சி" என்றான் சுடலை, நாலு அடி தள்ளி நின்றுகொண்டு.

அன்றிலிருந்து உடைமரக்குறிச்சியில் மக்கள்தொகையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர் வேறு யாருமில்லை. காலையில் எழுந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். யாராவது இருமினால் நின்று விசாரிப்பார். ஓடைப் பக்கம் விளையாடப் போன குட்டிகளைப் பிடரியில் கவ்வித் தூக்கி வந்து அவரவர் வீட்டு வாசலில் விடுவார். தாய்மார்கள் முதல் சில தடவை மயங்கி விழுந்தார்கள், பிறகு பழகிவிட்டது. கீரிக்கும் அதன் மாமியாருக்கும் சண்டை வந்து கீரி ஊரைவிட்டுப் போகக் கிளம்பியபோது, வழியை மறித்துப் படுத்துக்கொண்டு, "ஒரு ஆளு குறையும் தம்பி, திரும்பிப் போ" என்றார். கல்யாணமாகாத காட்டுக்கோழிகளுக்கு வரன் பார்த்துக் கொடுத்தார். அவர் பார்த்துக் கொடுத்த வரனை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூமயில் வீட்டுக்கு மட்டும் மாதாமாதம் போய்ப் புருசன் பெண்டாட்டி இருவரையும் நலம் விசாரிப்பார். அவர்களும் ஊருக்காக உழைத்தார்கள்.

ஒன்றரை வருடத்தில் எண்ணூற்றிருபது. சந்தோசம் தாங்காமல் சனம் திருவிழா எடுத்தது. கிளி நான்கு குரலில் பாடியது.

இவ்வளவு நாளும் சங்கிலிபூதத்தார் எங்கே சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அது அவரவர் சொந்த விஷயம். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மேற்கே போவார், திரும்பி வந்து வெயிலில் படுத்துத் தூங்குவார். மேற்கே மூன்று மைலில் மேலப்பாறையூர் என்று ஒரு ஊர் இருந்தது. அங்கே ஐந்நூற்றெழுபது பேர், தொட்டியோடு நாலு திருகுக் குழாய், நல்ல வசதியான ஊர்.

ஒரு நாள் மதியம் மாடத்தி அலுவலகத்தில் இருந்தபோது, ஒரு மான் குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து நின்றது. தாயும் இரண்டு பிள்ளைகளும்.

"எங்கேயிருந்து வாரிய?"

"மேலப்பாறையூர். அங்க ஆள் குறைஞ்சு போச்சு. போன மாசம் வந்து குழாயைக் கழட்டிட்டாங்க. இப்ப தண்ணிக்கு ஓடைக்குத்தான் போக வேண்டியிருக்கு. இங்க பதிஞ்சுக்க முடியுமா?"

மாடத்தி அவளை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"இங்க சிறுத்தை இருக்கிறது தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் வந்தோம். அவரு சொந்த ஊர்க்காரங்களைத் தொட மாட்டாராமே."

மாடத்தி அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. மூவர் பேரையும் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் நாற்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் எழுபது. ஒவ்வொருவரையும் சங்கிலிபூதத்தார் எல்லையில் நின்று வரவேற்றார். பதிவு முடிந்து மூக்கில் மை வாங்கும்வரை சிலர் நடுங்கினார்கள். மை காய்ந்ததும் அவரிடமே வழி கேட்டுக்கொண்டு போனார்கள்.

பங்குனியில் ஆயிரத்தெட்டு. சுகாதார நிலையத்துக்கு அடிக்கல் நட்டார்கள். அந்த மாத ஊராட்சிக் கூட்டத்தில் மாடத்தி எழுந்து பேசினாள்.

"மேலப்பாறையூர்ல இப்ப நாப்பது பேருதான் இருக்காங்களாம். ஏன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு நினைக்கேன்."

சிலர் அடிக்கல்லைப் பார்த்தார்கள். சிலர் குழாயைப் பார்த்தார்கள். கடைசியில் சுடலை எழுந்தான்.

"பேசலாம் தலைவரம்மா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தீர்மானம் போட்டுருவோம். மேலப்பாறையூர்ல கழட்டின குழாய் சும்மாதான் கெடக்கு. அதை நமக்கு ஒதுக்கித் தரச் சொல்லி மனு போட்டா, கிழக்குத் தெருவுக்கும் தண்ணி வந்துரும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மேலப்பாறையூரிலிருந்து வந்தவர்கள்தான் முதலில் காலைத் தூக்கினார்கள். அவர்கள் குடியிருந்தது கிழக்குத் தெருவில்.

மாடத்தி விடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. சங்கிலிபூதத்தார் மேற்கே கிளம்பும் நேரத்தில் ஊர் எல்லையில் போய் நின்றாள். சொர்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு வருடத்துக்கு மேலாகச் சொல்லாதது. இன்று சொல்லிவிட்டால் மற்றதும் தானாக வந்துவிடும்.

"அண்ணாச்சி, நீங்க செய்யுறது சரியில்ல."

"எது தங்கச்சி?"

"அடுத்த ஊரும் நம்மளை மாதிரி சனந்தானே."

சங்கிலிபூதத்தார் கோபப்படவில்லை. உட்கார்ந்து யோசித்தார். அவருக்கு அவள்மேல் மரியாதை உண்டு. தன் பேரை முழுசாக எழுத வைத்தவள் அவள்தான்.

"நீ தலைவரு. நீ சொன்னா நான் கேட்பேன்" என்றார். "வெளியூரு போகலை. இங்கனயே பாத்துக்கிடட்டுமா?"

குழாயடியில் பூமயிலின் பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மான் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டும் அவர்களோடு சேர்ந்து நனைந்துகொண்டிருந்தன. மாடத்தி அவர்களைப் பார்த்தாள். பிறகு வழியைவிட்டு விலகினாள்.

"வழியெல்லாம் உடைமுள்ளா கெடக்கு" என்றாள். "பாத்துப் போயிட்டு வாங்க அண்ணாச்சி."

நீதி: உங்கள் ஊரில் ஒருவன் ஆட்களைத் தின்கிறான் என்றால் அவனை விரட்டாதீர்கள், மக்கள்தொகைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு அது அடுத்த ஊரின் பிரச்சினை.